செய்வினையும் டோபமினும்

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஏறத்தாழ 2.4 கோடிப் பேரை, அதாவது 300 பேரில் ஒருவரைப் பாதித்திருக்கும் ஸ்கிசோஃப்ரினியா, தமிழில் மனச்சிதைவு நோய் எனப்படுவது, பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதிக்கும் முப்பது வயதுக்கும் இடையில், அதுவரை மற்றவர்களைப் போலவே படித்துக்கொண்டோ வேலை பார்த்துக்கொண்டோ இருந்த ஒருவரிடம் தலைகாட்டுகிறது. ஆளில்லாத இடத்தில் குரல் கேட்பது, எவ்வளவு சான்று காட்டினாலும் அசையாத தவறான நம்பிக்கை, ஒன்றோடொன்று ஒட்டாத பேச்சு ஆகியவை இந்நோயின் வெளிப்படையான குறிகள். மருத்துவர்கள் முதலாவதைப் பிரமை என்றும் இரண்டாவதை மருட்சி என்றும் சொல்வர். குளிக்காமல், யாரோடும் பேசாமல், எதிலும் நாட்டமின்றி மாதக்கணக்கில் அறைக்குள் முடங்கிக் கிடப்பதும் இதே நோயின் குறிதான் என்றாலும், அதில் கூச்சலோ ஆவேசமோ இல்லாததால் அது சோம்பேறித்தனம் என்றோ காதல் தோல்வி என்றோ நீண்ட காலம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது.

இத்தகைய மாற்றத்தைக் காணும் தமிழ்க் குடும்பம் மனநல மருத்துவரைச் சென்றடையும் பாதை பல வீடுகளில் மிகச் சுற்றுவழியாகவே அமைகிறது. காத்துக்கருப்பு அண்டியிருக்கும் என்று மந்திரிப்பதில் தொடங்கி, குறி கேட்டு, சாதகம் பார்த்து, செய்வினை எடுத்து, தாயத்துக் கட்டி, குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலமோ ஏர்வாடி தர்காவில் பல மாதங்களோ தங்கி, கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்று திருமணமும் செய்துவைத்து, எல்லாம் கைவிட்ட பிறகே மருத்துவமனை வாசலுக்கு வருகிறவர்கள் இன்றும் குறைவில்லை. இதை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. பட்டம் பெற்றவர்களின் வீடுகளிலும் மாத்திரை அட்டையும் மந்திரித்த கயிறும் ஒரே அலமாரியில்தான் இருக்கின்றன. 'எங்கள் பிள்ளைக்கு ஏன் இது வந்தது?' என்று பெற்றோர் கேட்கும்போது மருத்துவரிடம் இருப்பது சில விழுக்காடுகளும் சில வாய்ப்புகளும் மட்டுமே. குறி சொல்லும் கோடாங்கியிடமோ ஒரு கதை, அந்தக் கதைக்கு ஒரு குற்றவாளி, அதற்கொரு பரிகாரம், பரிகாரம் முடியும் நாள் ஆகிய அனைத்தும் தயாராக இருக்கின்றன.

பழைய இந்திய மருத்துவமும் இவ்விரு விளக்கங்களையும் அருகருகே வைத்திருந்தது. சரக சம்ஹிதை 'உன்மாதம்' என்னும் பித்துநிலையை ஐந்தாகப் பகுத்து, நான்கை வாதம், பித்தம், கபம் ஆகியவற்றின் கேட்டாலும் அவற்றின் கூட்டாலும் வருவனவாகவும், ஐந்தாவதைத் தேவர், கந்தருவர், பிசாசு முதலிய புறச்சக்திகளால் வருவதாகவும் கூறுகிறது. ஆயினும் அதே நூல், தன் செயலால் தனக்குத் தானே கேடு தேடிக்கொள்ளாதவனைத் தேவர்களோ பிசாசுகளோ துன்புறுத்துவதில்லை என்றும் சொல்லி, பழியைப் பேயிடமிருந்து மனிதனின் வாழ்முறைக்குத் திருப்பிவிடுகிறது. சித்த மருத்துவமும் மனநோய்களைக் 'கிரிகை' என்ற பெயரில் பதினெட்டாகப் பகுத்து மூலிகை மருந்துகள் வகுத்திருக்கிறது. ஆகவே பித்து ஒரு நோய், அதற்கு மருந்து உண்டு என்ற எண்ணத்தை மேலைநாட்டார் வந்துதான் இங்கே விதைத்தார்கள் என்று கருத இடமில்லை.

இந்த விவாதத்தில் அடிக்கடி ஒரு குழப்பம் நேர்கிறது. 2005இல் வெளிவந்த 'சந்திரமுகி', 'அந்நியன்' ஆகிய திரைப்படங்களில் காட்டப்பட்டதைப் போல ஓர் உடலில் வேறொரு ஆள் வெளிப்படுவதே மனச்சிதைவு என்று பலர் நினைக்கின்றனர். அது வேறு வகைப்பட்ட, மிக அரிதான கோளாறு. மனச்சிதைவு நோயாளி இரண்டு ஆட்களாகப் பிரிவதில்லை. அவருடைய எண்ணம், உணர்ச்சி, புலனறிவு ஆகியவை ஒன்றோடொன்று இசையாமற் போகின்றன. அதேபோல், கொடைவிழாவில் மேளம் உச்சத்துக்குப் போகும்போது அருள் வந்து ஆடுபவரும் நோயாளி அல்லர்: அருள் வரும் இடமும் வேளையும் ஊருக்குத் தெரியும், சற்று நேரத்தில் மலையேறிவிடும், மறுநாள் அவர் வயலுக்கோ கடைக்கோ போய்விடுவார். சமூகம் ஏற்றுக்கொண்ட இத்தகைய வழிபாட்டு நிலைகளை நோயென்று குறிக்கக் கூடாது என்பதை உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடே தெளிவாகச் சொல்கிறது. மனச்சிதைவு இதற்கு நேர்மாறாக வேளை பார்க்காமல் வருகிறது, மாதக்கணக்கில் தங்குகிறது, ஆளின் படிப்பையும் பிழைப்பையும் அரித்துத் தின்கிறது.

அமானுஷ்ய விளக்கம் இந்நோயோடு இவ்வளவு இயல்பாகப் பொருந்துவதற்கான காரணம் நோயின் உள்ளமைப்பிலேயே இருக்கிறது. மூளையின் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ளப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களுள் ஒன்று டோபமின். கண்ணிலும் காதிலும் வந்து விழும் ஆயிரம் செய்திகளுள் எது முக்கியம், எதைக் கவனிக்க வேண்டும் என்று குறியிடுவது அதன் வேலைகளுள் ஒன்று. மனச்சிதைவில் மூளையின் அடிப்பகுதியிலுள்ள சில மையங்களில் டோபமின் மிகையாகச் சுரப்பதால், முக்கியமற்றவற்றின் மீதெல்லாம் அந்தக் குறி விழுகிறது என்று ஷிதிஜ் கபூர் என்னும் மனநல ஆய்வாளர் 2003இல் விளக்கினார். எதிர்வீட்டுக்காரர் தொண்டையைச் செருமுவது, பேருந்தின் எண், தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவரின் பார்வை ஆகிய ஒவ்வொன்றும் தனக்கென்றே நிகழ்வதாக நோயாளிக்குத் தோன்றுகிறது. அந்த உணர்வு அவருக்குக் கற்பனையாகப் படுவதில்லை, கண்ணால் கண்டதைப் போன்ற உறுதியோடு வருகிறது. இத்தனையும் தன்னைச் சுற்றி நடப்பதற்கு ஏதேனும் காரணம் இருந்தாக வேண்டும் என்று அவர் மனம் தேடும்போது, வளர்ந்த சூழல் கையில் எதைக் கொடுத்திருக்கிறதோ அதை எடுத்துக்கொள்கிறது: ஒரு தலைமுறை முன்பு சித்தப்பா வைத்த செய்வினையும் வானொலி அலைகளும், இப்போது கைப்பேசி வழியாக ஒட்டுக்கேட்பதும் உடலுக்குள் பதித்த சில்லும்.

குடும்பம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். பிள்ளை 'எனக்கு யாரோ ஏதோ வைத்துவிட்டார்கள்' என்று சொல்லும்போது, அது நோய்க்கான காரணத்தைத் தெரிவிக்கும் வாக்குமூலமாகவே கேட்கிறவர்களின் காதில் விழுகிறது. உண்மையில் அது நோயின் குறி. ஒருவர் 'என் வயிற்றுக்குள் சில்லு இருக்கிறது' என்றால் அதை மருட்சி என்று உடனே கண்டுகொள்ளும் அதே வீட்டார், 'என் வயிற்றுக்குள் மருந்து வைத்திருக்கிறார்கள்' என்றால் இடுமருந்து எடுப்பவரைத் தேடிப் போகிறார்கள். முதலாவது அவர்களுடைய நம்பிக்கை உலகத்துக்கு வெளியே இருக்கிறது, இரண்டாவது உள்ளே இருக்கிறது. இரண்டும் பிறந்த இடம் ஒன்று.

காதில் கேட்கும் குரல்களைப் பற்றியும் இதையே சொல்லலாம். மனிதர் எல்லோரும் மனத்துக்குள் பேசிக்கொள்கிறார்கள். தானே தொடங்கிய செயல் இது என்று மூளை தனக்குள் முன்கூட்டியே ஒரு குறிப்பு அனுப்பிக்கொள்வதால், அந்தப் பேச்சு வேறொருவருடையது என்று தோன்றுவதில்லை. தன்னைத் தானே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாதிருப்பதும் அந்தக் குறிப்பினால்தான். லண்டனில் சாரா-ஜெய்ன் பிளேக்மோரும் கிறிஸ் ஃப்ரித்தும் பிறரும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், குரல் கேட்கும் நோயாளிகளுக்குத் தம் கையே தம்மைத் தொட்டாலும் பிறர் தொட்ட அளவுக்குக் கூச்சம் இருந்தது தெரியவந்தது. குறிப்பு தவறிவிட்டால் சொந்தத் தொடுகையும் அந்நியத் தொடுகையாகிறது, சொந்த எண்ணமும் அந்நியக் குரலாகிறது. அந்தக் குரல் யாருடையது என்பதை முடிவு செய்வதில் மட்டும் பண்பாட்டுக்குப் பெரும் பங்கிருக்கிறது. மானிடவியலாளர் தான்யா லூர்மனும் அவர் குழுவினரும் கலிபோர்னியாவின் சான் மட்டேயோ, கானாவின் அக்ரா, சென்னை ஆகிய மூன்று இடங்களில் இடத்துக்கு இருபது பேராக நோயாளிகளை விரிவாகப் பேசவைத்தார்கள். அமெரிக்கர்களுக்குக் கேட்டவை பெரும்பாலும் முன்பின் தெரியாத, வன்முறையைத் தூண்டும் குரல்கள். அக்ராவில் பலருக்குக் கடவுள் பேசினார். சென்னையில் பாதிக்கும் மேற்பட்டோர் உறவினர்களின் குரலைக் கேட்டனர், அக்குரல்கள் குளிக்கச் சொல்லின, சமைக்கச் சொல்லின, வீட்டைப் பெருக்கச் சொல்லின. முகந்தெரியாத அந்நியரும் கடவுளும் மாமியாரும் ஒரே கோளாறிலிருந்து மூன்று ஊர்களில் மூன்றாக வெளிப்பட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

நோய் குடும்பத்தில் வழிவழியாக வருவதைக் கண்டு 'வீட்டுக்குற்றம்', 'முன்னோர் சாபம்' என்று சொல்லும் வழக்கமும் ஆராயத்தக்கது, ஏனெனில் வழிவழியாக வருகிறது என்ற கவனிப்பு சரியானது. அதற்குச் சொல்லப்படும் காரணந்தான் பிழை. மனச்சிதைவு நோயுள்ள தாய்மார்களுக்குப் பிறந்து, பிறந்த சில நாள்களிலேயே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு வேறு இடங்களில் வளர்ந்த 47 பேரை அமெரிக்காவில் லெனர்ட் ஹெஸ்டன் தேடிக் கண்டு ஆராய்ந்து, 1966இல் முடிவை வெளியிட்டார்: அவர்களுள் ஐவருக்கு அந்நோய் இருந்தது; நோயில்லாத தாய்மார்களுக்குப் பிறந்து அவ்வாறே பிரிந்து வளர்ந்த 50 பேரில் ஒருவருக்கும் இல்லை. வீட்டை விட்டு வெளியேறிய குழந்தையை நோய் தொடர்ந்தது என்றால், அது வீட்டின் வாஸ்துவிலோ வாசலில் புதைத்த தகட்டிலோ இல்லை, குழந்தையின் மரபணுவில் இருக்கிறது. எனினும் மரபணு மட்டுமே விதி அன்று. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒன்று என்று டென்மார்க்கில் நடந்த 2018ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. மீதிப் பங்கில் கருவில் நேரும் பட்டினி, பேறுகாலச் சிக்கல், இளவயதுக் கஞ்சாப் பழக்கம், நகர வாழ்வின் நெருக்கடி முதலியன இடம்பெறுகின்றன. நோய்க்குத் தொடர்புடைய 287 மரபணு இடங்களைப் பன்னாட்டு ஆய்வுக்குழு ஒன்று 2022இல் பட்டியலிட்டது. அவற்றுள் எதுவும் தனித்து நோயை உண்டாக்குவதில்லை, ஒவ்வொன்றும் சிறிதளவு வாய்ப்பைக் கூட்டுகிறது. பதின்பருவத்தில் மூளை தேவையற்ற நரம்பிணைப்புகளைக் கழித்துக் கட்டும். அந்தக் கழிப்பு அளவுக்கு மிஞ்சிப் போவதில் சி4 என்னும் மரபணுவுக்குப் பங்குண்டு என்று 2016இல் வெளியான ஆய்வு கூறியதும், நோய் ஏன் அந்த வயதில் தலைகாட்டுகிறது என்பதற்கு ஒரு விடை கிடைக்கத் தொடங்கியது. 'வயதுக்கு வந்ததும் மோகினி பிடித்தது' என்ற பழைய பேச்சும் வயதைக் கவனித்ததில் தவறவில்லை.

மருத்துவ விளக்கத்துக்கு வலுச் சேர்த்தது மருந்தே. பாரிஸில் அறுவை மருத்துவத்தில் மயக்கத்துக்கு உதவும் பொருளாகப் பார்க்கப்பட்ட குளோர்ப்ரோமசினை ஜான் டிலே, பியர் டெனிக்கர் ஆகியோர் 1952இல் மனநோயாளிகளுக்குக் கொடுத்தபோது, ஆண்டுக்கணக்கில் அலறிக்கொண்டிருந்தவர்கள் சில வாரங்களில் அமைதியடைந்து பேசத் தொடங்கினர். அது எப்படி வேலை செய்கிறது என்பது அப்போது கொடுத்தவர்களுக்கே தெரியாது. அது டோபமினின் செயலைத் தடுக்கிறது என்ற கருத்தை 1963இல் சுவீடனின் ஆர்விட் கார்ல்சன் முன்வைத்தார். 1970களில், ஒரு மருந்து, நரம்பணுவில் டோபமின் வந்து பொருந்தும் இடங்களாகிய ஏற்பிகளை எவ்வளவு வலுவாக அடைக்கிறதோ அவ்வளவு குறைந்த அளவே நோயாளிக்குப் போதும் என்பது கணக்கிட்டுக் காட்டப்பட்டது. செய்வினை விளக்கத்தில் இப்படிப்பட்ட கணக்கு ஏதுமில்லை. எடுத்த செய்வினை பலித்தால் எடுத்தவர் வல்லவர், பலிக்காவிட்டால் வைத்தவர் அவரினும் வல்லவர். எந்த முடிவு வந்தாலும் விளக்கம் தப்பித்துக்கொள்கிறது. 2014இல் துருக்கிய மருத்துவ ஆய்வாளர் ஒருவர், பிரமைகள் வெளியிலிருந்து வருவனவாகத் தோன்றுவதால் கண்ணுக்குத் தெரியாத தீய ஆவிகளே அவற்றுக்குக் காரணமாக இருக்கலாம் என்று மதமும் உடல்நலமும் பற்றிய பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றில் எழுதிப் பெருங்கண்டனத்துக்கு ஆளானதும் இந்தக் குறையால்தான்: வெளியிலிருந்து வருவதாகத் தோன்றுவதை எல்லாம் வெளியிலிருந்தே வருவதாகக் கொண்டால், கனவில் வந்தவர்களுக்கும் வாசற்கதவு திறந்துவிட வேண்டியிருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு மருத்துவத்தின் கணக்கையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் அது தன் பேய்களைத் தானே உண்டாக்கிக்கொண்ட காலமும் இருந்தது. குளோர்ப்ரோமசினுக்கு முன் நோயாளிகளுக்கு இன்சுலினைக் கொட்டி மயக்கத்தில் ஆழ்த்தினார்கள்; மூளையின் முன்பகுதி நரம்பிழைகளை அறுத்தார்கள், அதற்காக எகாஸ் மோனிஸ் 1949இல் நோபல் பரிசே பெற்றார். அதைவிடக் கொடிது, 1948இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் முன்வைத்து அமெரிக்க மனநல மருத்துவம் ஏறத்தாழ ஒரு தலைமுறை நம்பிய கருத்து: பாசம் காட்டாத, ஆதிக்கம் செலுத்தும் தாயே பிள்ளைக்கு மனச்சிதைவை உண்டாக்குகிறாள் என்பது. நோயாளிப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு ஏற்கெனவே நொந்துபோயிருந்த தாய்மார்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய இக்கருத்து, சூனியக்காரி என்று ஒரு கிழவியைச் சுட்டிக்காட்டுவதிலிருந்து வேறுபட்டதாகத் தெரியவில்லை. அதைக் கைவிடச் செய்தவை ஹெஸ்டன் செய்ததைப் போன்ற ஆய்வுகள்; தவறு என்று காட்டினால் கைவிட வேண்டிய கட்டாயம் மருத்துவத்துக்கு இருக்கிறது என்பதுதான் அதன் பெருமை, முதலிலேயே சரியாகச் சொல்லிவிடும் என்பது இல்லை.

இன்றும் இரத்தப் பரிசோதனையாலோ மூளைப் படத்தாலோ இந்நோயை உறுதி செய்ய முடியாது. மருத்துவர் பேசிப் பார்த்தும் குடும்பத்தாரை விசாரித்தும்தான் கண்டறிகிறார். மருந்துகள் குரல்களையும் மருட்சிகளையும் அடக்கும் அளவுக்கு முடக்கத்தையும் ஆர்வமின்மையையும் மாற்றுவதில்லை. உடல் எடை கூடும், கை நடுங்கும், சிலருக்கு எச்சில் ஒழுகும். பிற மருந்துகள் பலிக்காதவர்களுக்குக் கொடுக்கப்படும் குளோசபின், அரிதாக வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும் என்பதால் முதல் பதினெட்டு வாரங்கள் வாரந்தோறும் இரத்தம் எடுத்துப் பார்க்கப்படுகிறது. டோபமினை நேரடியாகத் தடுக்காமல் வேறு வழியில் செயல்படும் முதல் மருந்துக்கு அமெரிக்கா 2024 செப்டம்பரில்தான் ஒப்புதல் அளித்தது. மறுபுறம், பேய் பிடித்ததாகவோ மனச்சிதைவாகவோ கருதப்பட்டிருக்கக்கூடிய சில நிலைகள் முற்றிலும் வேறு நோய்கள் என்றும் தெரியவந்திருக்கிறது. உடலின் எதிர்ப்பு ஆற்றலே மூளையின் ஏற்பிகளைத் தாக்கும் ஒருவகை மூளையழற்சியை ஜோசப் டால்மாவ் 2007இல் விவரித்தார். இளம்பெண் ஒருத்தி திடீரெனக் கத்துவதும், முகத்தைக் கோணுவதும், உடலை முறுக்கிக்கொள்வதும், பிறகு விறைத்துப் பேச்சற்றுப் போவதுமாக வெளிப்படும் அந்நோய்க்குச் சில வேளைகளில் கருப்பையருகே சூலகத்தில் உள்ள கட்டியே தூண்டுகோல். கட்டியை அகற்றி எதிர்ப்பாற்றலை அடக்கும் சிகிச்சை கொடுத்தால் பலர் முழுமையாக மீள்கிறார்கள். வேப்பிலை அடித்துக்கொண்டிருந்தால் உயிர் போகலாம்.

கோயிலில் தங்கியவர் தெளிந்து வந்ததாகச் சொல்பவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று கொள்ள வேண்டியதில்லை. சென்னையில் 1981 முதல் 90 நோயாளிகளைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஆர். தாரா முதலியோரின் நெடுங்கால ஆய்வு, இந்நோய் ஒரே சீராகக் கீழிறங்குவதில்லை, பலரிடம் எழுந்து தணிந்து மறுபடி எழுகிறது என்று காட்டியது. நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான் குடும்பம் கோயிலுக்குக் கிளம்புகிறது. உச்சத்துக்குப் பின் தணிவு வருவது இயல்பு. தணிவின் பெருமை சாமியைச் சேர்கிறது. இதற்கு மேலும் ஒன்றுண்டு. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் வந்து தங்கிய 31 பேரை, பெரும்பாலும் மனச்சிதைவு உள்ளவர்களை, பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ரகுராமும் பிறரும் மருத்துவ அளவுகோலால் அளந்து 2002இல் வெளியிட்டனர். சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களின் நோய்க்குறி மதிப்பெண் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. அங்கே பேயோட்டும் சடங்கு எதுவும் நடக்கவில்லை. உறவினர் ஒருவர் துணையிருந்தார், காலையில் எளிய பூசை நடந்தது, பகலில் கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சிறு வேலைகள் இருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத சிறிய ஆய்வு இது. ஆனாலும் திட்டாத, விரட்டாத ஓர் இடத்தில் வேலையும் ஒழுங்கும் துணையும் கிடைப்பது நோயாளிக்கு நல்லது என்பதை மறுவாழ்வு மருத்துவமும் ஏற்கிறது. எம். சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் போன்ற அமைப்புகள் மருந்தோடு சேர்த்துச் செய்து வருவதும் அதைத்தான்.

துணையும் ஒழுங்கும் இல்லாமல் நம்பிக்கை மட்டும் வணிகமானால் என்ன ஆகும் என்பதை 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலை ஏர்வாடி காட்டியது. கனவில் உத்தரவு கிடைக்கும்வரை தர்காவில் காத்திருக்க வேண்டும் என்ற நம்பிக்கையில் அழைத்து வரப்பட்டவர்களைக் காசு வாங்கிக்கொண்டு வைத்துக்கொள்ளத் தனியார் காப்பகங்கள் பல தோன்றியிருந்தன. அவற்றுள் கூரை வேய்ந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர். அது தர்கா நிர்வாகம் நடத்திய இடம் அல்ல. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது, ஏர்வாடிக் காப்பகங்கள் மூடப்பட்டன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று 95ஆம் பிரிவில் தடை செய்தது. குஜராத்தின் உனாவாவில் உள்ள மீரா தாதார் தர்காவில் 2008 முதல் நடந்துவரும், துஆ ஓதுபவர்களே பயிற்சி பெற்று நோயாளிகளை மருத்துவரிடம் அனுப்பிவைக்கும் ஏற்பாட்டைப் பின்பற்றி, ஏர்வாடி தர்காவிலும் அரசு மனநல மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்டது. ஓதுபவரே 'மாத்திரையையும் சாப்பிடு' என்று சொன்னால் மருத்துவர் சொல்வதைவிட அது விரைவாக எடுபடுகிறது. இதில் மருத்துவம் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இத்தகைய ஏற்பாடுகள் தேவைப்படுவதற்குக் காரணம் காலம். முதன்முதலில் குறிகள் தோன்றியதற்கும் மருந்து தொடங்கியதற்கும் இடையில் எவ்வளவு காலம் கழிகிறதோ அவ்வளவுக்குப் பின்விளைவு மோசமாகிறது என்று பல நாடுகளின் ஆய்வுகள் ஒத்துச் சொல்கின்றன. தொடங்கிய மருந்தை வேண்டுதல் நிறைவேறியது என்று நடுவில் நிறுத்துவதும் இதற்குச் சமமான ஆபத்து: 65 மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து 2012இல் வெளியான பகுப்பாய்வில், ஓராண்டுக்குள் நோய் திரும்பியவர்கள் மருந்தைத் தொடர்ந்தவர்களில் 27 விழுக்காடு, போலி மருந்துக்கு மாற்றப்பட்டவர்களில் 64 விழுக்காடு. நாள்தோறும் மாத்திரை கொடுப்பதே போராட்டமாக இருக்கும் வீடுகளுக்கு, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசிகள் இருக்கின்றன. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும் இலவச மருந்தும் உண்டு. 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் டெலி மானஸ் என்னும் தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அங்கே பேசுகிறவர் நோயாளியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. தாயத்துக் கட்டிய கையோடு பிள்ளை பக்கத்து அறையில் படுத்திருக்கும்போது தாயோ தங்கையோ அழைத்துக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.